ஏழு வரியில் ஒரு குளியல்

அந்த அம்மாயி கடிப்பார். அவரைப் பற்றி எனக்கு முதலில் சொல்லப்பட்டது இதுதான். அவர் பெயரையும், எந்தத் தோட்டத்துக்காரர் என்பதையும் நானாகக் கேட்டபிறகே சொன்னார்கள்.

லிந்துலைக்கு மேலே, ஒரு காலத்தில் தோட்டத் துரையின் பங்களாவாக இருந்த கட்டடத்தில் அந்த முதியோர் இல்லம் நடக்கிறது. இருபத்திரண்டு பேர் இருந்தார்கள். தேயிலைக் கொழுந்து பறித்தும் செடியைக் கவ்வாத்து வெட்டியும் ஓய்ந்துபோனவர்கள். பார்க்க ஆளில்லாதவர்கள் பாதி, ஆளிருந்தும் லயத்து வரிசை வீட்டுக் காம்பராவில் படுக்க இடமில்லாதவர்கள் மீதி. அவர்களைப் பராமரிக்க ஐந்து பெண்களும் ஓர் ஆணும். அந்த ஆறு பேருக்கும் நான்கு நாள் பயிற்சி கொடுக்க ஹட்டனில் நான் வேலை செய்த நிறுவனம் என்னை அனுப்பியது.

பயிற்சியின் பெயர் ‘நபர் மையப் பராமரிப்பு’. இல்லத்தில் இருப்பவரை முடிக்க வேண்டிய வேலையாகப் பார்க்காமல் ஓர் ஆளாகப் பார்ப்பது. எப்போது எழும்புவார், எதைச் சாப்பிடுவார், எப்படிக் குளிப்பார் என்று அவரிடமே கேட்டு, அதன்படி செய்வது. இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிடக்கூடிய இந்த விஷயத்துக்கு என் மடிக்கணினியில் எண்பது ஸ்லைடுகள் இருந்தன. எங்கள் வீட்டில் உயர்தரப் பரீட்சை தாண்டிய முதல் ஆள் நான். ஸ்லைடுகளின்மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு மணி அடித்தது. முன் விறாந்தையில் இருபத்திரண்டு பேரும் வரிசையாக வந்து நின்றார்கள். நிற்க முடியாதவர்களைக் கதிரையோடு கொண்டுவந்து வரிசையில் வைத்தார்கள். இல்லத்துப் பொறுப்பாளர் கையில் ஒரு கொப்பியோடு வந்து பெயர் கூப்பிட்டார். ஒவ்வொருவரும் “இருக்கேங்க” என்றார்கள். அச்சு அசல், வேலைக்கு ஆள் எடுக்கிற தோட்டத்துப் பெரட்டு. என் அம்மா இன்றைக்கும் விடியற்காலையில் போய் நிற்கிற அதே பெரட்டு.

பொறுப்பாளர் ஓய்வுபெற்ற தோட்டத்துப் பெரிய கிளாக்கர். எல்லோரும் அவரை ஐயா என்றுதான் கூப்பிட்டார்கள்.

“ஐயா, இவங்க எல்லாம் இனி எந்த மலைக்கு வேலைக்குப் போகப்போறாங்க? எதுக்கு இந்தப் பெரட்டு?” என்று கேட்டேன்.

“நாப்பது வருஷம் பழகினது தம்பி. பெரட்டு இல்லாட்டி இதுங்களுக்குப் பொழுது விடியாது.”

இதுங்களுக்கு. அந்தச் சொல் எரிச்சலாக இருந்தது. அதைவிட எரிச்சல், இரண்டு கிழவர்கள் மணி அடிப்பதற்குக் கால்மணி முன்னாலேயே வந்து, சட்டைப் பொத்தான் எல்லாம் போட்டு, முதல் ஆளாக நின்றது.

தேநீர் குடிக்கும்போது ஐயா ஒரு கடிதத்தை எடுத்துக் காட்டினார். ஆங்கிலத்தில் டைப் செய்யப்பட்டிருந்தது. கடிக்கிற அம்மாயியைக் கொழும்புப் பக்கத்து மனநோய் மருத்துவமனைக்கு அனுப்பச் சொல்லும் கடிதம்.

“உங்க பயிற்சி முடியிற வெள்ளிக்கிழமை டாக்டர் வர்றாரு. நேத்துக் கடிபட்ட புள்ளை ஒரு கையெழுத்துப் போட்டா டாக்டரும் போட்டுருவாரு. மறுநாளே வேன்ல ஏத்திரலாம்.”

“அந்தப் பக்கம் தமிழ்ல பேச யார் இருப்பாங்கன்னு சொல்ல முடியாதே ஐயா. அம்மாயிக்குச் சிங்களம் வராதே.”

“மருந்துக்கு என்னா பாஷை தம்பி?” என்று சொல்லிவிட்டு பிஸ்கட்டை நனைத்தார்.

அந்த அம்மாயிக்கு எழுபத்தைந்துக்கு மேலிருக்கும். டயகமப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்தவர். இடுப்பெலும்பு முறிந்தபிறகு மகன் இங்கே கொண்டுவந்து விட்டான். மகன் கொழும்பில் கடையில் நிற்கிறான், வருவதில்லை. அங்கே போனால் தண்ணீர் கேட்கக்கூட அவருக்கு வழியிருக்காது. இங்கேயிருந்து அவரை ஏற்றிவிட்டால் அவர் கதை முடிந்தது என்று ஐயாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அன்று பகல் என் படிவங்களை எடுத்தேன். ‘எனக்குப் பிடித்தவை’ என்று தலைப்பு. ஆறு பேரையும் அனுப்பி ஒவ்வொரு முதியவரிடமும் கேட்டு நிரப்பச் சொன்னேன். ஒரு மணி நேரத்தில் இருபத்திரண்டு படிவமும் திரும்பி வந்தன. இருபத்திரண்டிலும் ஒரே பதில். எல்லாம் சரி. குறை இல்லை.

“ஒழுங்கா கேட்டீங்களா, இல்ல நீங்களே எழுதிட்டீங்களா?” என்று சத்தம் போட்டேன். ஆமாம், சத்தம்தான் போட்டேன். முதல் நாளே.

உதவியாளர்களில் மூத்தவரை எல்லோரும் அக்கா என்பார்கள். ஐம்பது வயது, கட்டைக் குரல். அவர் நிதானமாக, “நீங்களே போய்க் கேளுங்களேன் சார்” என்றார்.

போனேன். கடிக்கிற அம்மாயி கட்டிலில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு, பைலைத் திறந்து, பேனாவை எடுத்து, நிறையப் பணிவோடு, “அம்மாயி, உங்களுக்கு என்ன பிடிக்கும்னு சொல்லுங்க” என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பேனாவைத்தான் பார்த்தார்.

“யாரு பேரை வெட்டப்போற?”

செக்ரோல் என்கிற தோட்டத்து வருகைப் பதிவேட்டில் பேர் வெட்டினால் அன்றைக்கு வேலை இல்லை, வேலை இல்லாவிட்டால் சம்பளம் இல்லை. பைலும் பேனாவுமாக வந்து உட்காருகிறவன் வேறு எதற்கு வருவான்? இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். எண்பது ஸ்லைடிலும் இல்லாத இந்த ஒன்று என் வீட்டு அடுப்படியிலேயே கிடந்தது. எனக்குத் தெரியவில்லை. பைலை மூடிக்கொண்டு எழுந்து வந்தேன்.

மறுநாள் புதன்கிழமை. கையேட்டில் இருந்த ஒரு பயிற்சியைச் செய்தோம். ‘உங்களுக்கு வயதாகி, நீங்கள் இங்கே வந்தால், உங்களை எப்படிக் குளிப்பாட்ட வேண்டும்?’

முதலில் ஒரே சிரிப்பு.

“எனக்கு வயசாக விடாது சார். அதுக்குள்ள பிரஷர்லயே போயிருவேன்” என்றார் அக்கா.

ஆண் உதவியாளர், “வாரத்துக்கு ஒரு நாள் போதும்” என்றார்.

“இப்பவே அப்படித்தானே, அதான் பக்கத்துல உக்கார முடியல!” என்று ஒருத்தி மூக்கைப் பொத்தினாள்.

கடிபட்ட பெண்ணுக்கு இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதிருக்கும். மணிக்கட்டில் பண்டேஜ். அதுவரை பேசாமல் இருந்தவள், “லயத்துப் பீலித் தண்ணியில குளிக்கிற மாதிரி சார். பாவாடையை நெஞ்சுக்கு மேல ஏத்திக் கட்டிக்கிட்டு. ஆனா சுடுதண்ணி வேணும்” என்றாள்.

“பின்ன? எங்க வீட்டுக்காரரே இருபத்தஞ்சு வருஷமா என்னைய வெளிச்சத்துல பார்த்தது கெடையாது. வயசான காலத்துல நீங்க பார்க்கப்போறீங்களாக்கும்?” அக்கா சொல்ல, வகுப்பு முழுக்க மேசையைத் தட்டிச் சிரித்தது. நானும் சிரித்தேன்.

சிரிப்போடு சிரிப்பாகத்தான் கேட்டேன். “அப்ப இங்க அம்மாயிங்களை எப்படிக் குளிப்பாட்டுறீங்க?”

மேசையைத் தட்டிய கைகள் நின்றன.

“எல்லாத்தையும் கழட்டிட்டுத்தான்” என்றாள் கடிபட்டவள், மேசையைப் பார்த்துக்கொண்டு.

கொஞ்சம் கொஞ்சமாக மற்றது வந்தது. திங்களும் வியாழனும் குளிப்பு. பெரட்டு முடிந்த வரிசை அப்படியே குளியலறை வாசலுக்குப் போகும். அடுத்தடுத்து ஆள் உள்ளே போக வேண்டும் என்பதால் கதவைச் சாத்துவதில்லை. உள்ளே நிற்பவரை வரிசையில் நிற்கிற எல்லோரும் பார்க்கலாம். சுடுதண்ணீர் வாளியை அடுப்படியிலிருந்து தூக்கிக்கொண்டு உள்ளே போவது அந்த ஆண் உதவியாளர்.

“நான் பார்க்கிறதில்ல சார். சாமி சத்தியமா, மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுத்தான் போவேன்” என்றார் அவர். நெற்றி வியர்த்திருந்தது. அந்தக் குளிரில்.

முந்தாநாள் திங்கட்கிழமை நான்கு பேர் அந்த அம்மாயியைப் பிடித்திருக்கிறார்கள். இரண்டு பேர் கை, ஒருவர் கால், ஒருவர் சோப்பு. வாய் மட்டும் மீதமிருந்தது. அதைக்கொண்டு கடித்திருக்கிறார்.

“நீங்க எல்லாம் பொம்பளைங்கதானே!” என்று கத்தினேன். “உங்க அம்மாவை இப்படிக் குளிப்பாட்டுவீங்களா?”

“தாள்ல அப்படித்தானே சார் இருக்கு” என்றார் அக்கா.

“எந்தத் தாள்?”

கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்கள். குளியலறைச் சுவரில், பிளாஸ்டிக் உறை போட்டு, நான்கு மூலையிலும் ஆணி அடித்து ஒரு தாள். ‘குளிப்பாட்டும் முறை’. ஏழு வரிகள். மூன்றாவது வரி: ‘ஆடைகள் அனைத்தையும் களைந்து, தோலில் புண் உள்ளதா எனப் பார்க்கவும்.’

நான் எழுதிய வரி.

அதற்கு முந்தைய வருடம் ஹட்டன் அலுவலகத்தில் ஒரு ஆங்கிலக் கையேட்டைக் கொடுத்து, உதவியாளர்களுக்காக ஒரே பக்கத்தில் தமிழில் சுருக்கச் சொன்னார்கள். குளியலைப் பற்றி மட்டும் அதில் இரண்டு பக்கம் இருந்தது. தொடுவதற்கு முன் சொல்லுங்கள், கேளுங்கள். கழுவுகிற இடத்தை மட்டும் திறந்து மற்றதை மூடியே வையுங்கள். கதவைச் சாத்துங்கள். அந்த ஊர்ப் பழக்கம் எதுவோ அதன்படி செய்யுங்கள். எல்லாவற்றையும் வெட்டினேன். தோட்டத்துப் பிள்ளைகள், நீளமாக எழுதினால் படிக்கமாட்டார்கள், பாயிண்ட் பாயிண்டாகக் கொடுத்தால்தான் மண்டையில் ஏறும் என்று நினைத்தேன். நினைத்தது மட்டுமில்லை, மேலதிகாரியிடம் அப்படியே சொல்லி, “நல்ல ஐடியா” என்று பாராட்டும் வாங்கினேன். தோட்டத்து லயத்தில் பிறந்த நான். பாவாடையை நெஞ்சுக்கு மேல் கட்டாமல் என் அம்மா குளித்து இருபத்தேழு வருடத்தில் ஒரு நாளும் பார்த்திராத நான்.

பெரட்டு நடத்துகிற ஐயாவின்மேல் இருந்த கோபம் அப்படியே திரும்பி என்னிடம் வந்து நின்றது. ஐயாவாவது நாற்பது வருடம் பழகியதைச் செய்தார். நான் படித்துவிட்டுச் செய்தேன்.

“இதை எழுதினது நான்தான்” என்றேன்.

“தெரியுமே சார்” என்றார் அக்கா. “கீழ உங்க பேர் போட்டிருக்கே.”

“அப்ப ஏன் என்கிட்ட ஒண்ணும் கேக்கல? நேத்து முழுக்க நான் இங்கதானே இருந்தேன்!”

“படிச்ச ஆளு எழுதினதை நாங்க எப்படிங்க தப்புன்னு சொல்றது?”

அவர் குத்தலுக்குச் சொல்லவில்லை. குத்தலாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அன்று மத்தியானம் மடிக்கணினியை மூடிவிட்டேன். மறுநாள் குளிப்பை எப்படிச் செய்வது என்று அவர்கள் ஆறு பேரும் பேசினார்கள். நான் எழுதிக்கொள்ளக்கூட இல்லை. பாவாடையைக் கட்டிவிட்டால் புண் எப்படிப் பார்ப்பது? தேய்க்கும்போது பகுதி பகுதியாகப் பார்த்துக்கொள்ளலாம். ஈரப் பாவாடையை எப்படி மாற்றுவது? அக்கா எழுந்து நின்று, சேலைக்கு மேலேயே ஒரு பாவாடையைத் தலைவழியாகப் போட்டு, அதன் விளிம்பைப் பல்லால் கடித்துக்கொண்டு, உள்ளே கையை விட்டுக் காட்டினார். பீலிக்கரையில் எல்லாப் பெண்களும் செய்கிற வித்தை. இடுப்பு வலிக்கிறவருக்கு விளிம்பை நாம் பிடித்துக்கொள்ளலாம். வாளியைப் பெண்களே தூக்கலாம். ஆம்பளை வேண்டாம். ஆம்பளை அதைக் கேட்டு, வேலை குறைந்ததற்கு மட்டுமில்லாத ஒரு பெருமூச்சு விட்டார்.

ஐயா ஒத்துக்கொள்ளவில்லை. “ஈரத்துணியோட நின்னு சளி புடிச்சா பொறுப்பு யாரு? நீங்க ஹட்டனுக்குப் போயிருவீங்க. சவப்பொட்டி தூக்குறது நாங்க.”

அதில் நியாயம் இல்லாமலில்லை. தண்ணீர் சூடாக இருக்கும், ஐந்து நிமிடத்துக்கு மேல் ஈரத்தில் விடமாட்டோம் என்று அக்காதான் பதில் சொன்னார். “ஒரு வியாழக்கெழமை விட்டுப் பாருங்க ஐயா. சரிவராட்டி நீங்க நெனைச்சபடியே செய்ங்க.”

வியாழக்கிழமை காலை நான் விறாந்தையின் மறுகோடியில் நின்றேன். வரிசை இல்லை. குளியலறைக் கதவு சாத்தியிருந்தது. அந்த அம்மாயியைக் கூட்டிப்போகும்போதே கத்தல் தொடங்கிவிட்டது.

“விடுங்கடி! கட்டையில போறவளுங்களா! நான் என்ன செத்த பொணமாடி, கழட்டிப்போட்டுக் கழுவ?”

“யாரும் கழட்டல அம்மாயி. இந்தா பாவாடை. நீயே கட்டு.” அக்காவின் குரல்.

பிறகு அம்மாயியின் குரல், இறங்கி:

“அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க.”

திரும்பி நின்றிருப்பார்கள். தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது.

“ஏண்டி, கோழி உரிக்கவா கொண்டாந்த, இவ்வளவு சூடா?”

உள்ளே சிரித்தார்கள். முதுகைத் தேய்க்கட்டுமா என்று கடிபட்டவள் கேட்டாள். “தேய். சம்பளம் வாங்குறல்ல?” என்றார் அம்மாயி. சந்தோஷமாக இருந்தது என்று எழுத முடியவில்லை. இவ்வளவு சுலபமான ஒன்றுக்காக எத்தனை திங்களும் வியாழனும் ஒரு மனுஷியைப் பிடித்து அமுக்கியிருக்கிறோம் என்பதுதான் தலைக்குள் ஓடியது.

கடிபட்டவள் கதவைக் கொஞ்சமாகத் திறந்து தலையை நீட்டினாள்.

“சார், இடுப்புக்குக் கீழ புண்ணு இருக்கு. தேங்காய்ச் சிரட்டைக் கண் அளவுக்கு. ஆழமா இருக்கு. சீழ் வெச்சிருக்கு.”

புண் இருக்கிறதா பார்க்கத்தானே எல்லாவற்றையும் கழற்றினோம். கழற்றிப் பிடித்து அமுக்கிய இத்தனை நாளில் ஒருவர் கண்ணிலும் அது படவில்லை. துள்ளுகிற உடம்பில் எதைப் பார்ப்பது? புண் இருந்த இடத்தில் விரல் பட்டபோதெல்லாம் அவர் துள்ளியிருக்கிறார். துள்ளத் துள்ள இன்னும் இறுக்கிப் பிடித்திருக்கிறார்கள். பதிவேட்டில் ‘ஆக்ரோஷம்’ என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை டாக்டர் வந்தார். சிங்களவர், தமிழ் ஓரளவு பேசுவார். ஐயா கடிதத்தை மேசையில் வைத்துப் பேனாவைக் கடிபட்டவளிடம் நீட்டினார். ஒரு நாள் ஒழுங்காகக் குளித்ததெல்லாம் அவருக்குக் கணக்கே இல்லை. “ஒரு குளிப்புல பைத்தியம் தெளிஞ்சிருமா? போடு கையெழுத்தை.”

“இதுல என்னா எழுதியிருக்கு சார்?” என்று அவள் என்னைக் கேட்டாள். வாசித்துத் தமிழில் சொன்னேன். ‘எந்தக் காரணமும் இன்றி ஊழியர்களைத் தாக்கும் இயல்புடையவர்.’

“காரணம் இல்லாமையா?”

“நீ டாக்டர் முன்னுக்கு வியாக்கியானம் பேசாதே. போடு.”

“ஐயா, நாலு பேர் புடிச்சு அவங்களைத் துணியில்லாம நிக்க வச்சோம். கதவு தொறந்து கெடந்துச்சு. ஆம்பளை உள்ள வந்து போனாரு. அந்தப் புண்ணு மேலேயே நான்தான் சோப்பு வச்சுத் தேய்ச்சேன். எனக்குத் தெரியல, தேய்ச்சேன். நானா இருந்தா கையோட விட்டிருக்கமாட்டேன், கழுத்தைக் கடிச்சிருப்பேன்.”

“உனக்கு வேலை வேணுமா, வேணாமா?”

அவளுடைய புருஷனுக்கு வேலை இல்லை என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். அவள் பேனாவை மேசையில் வைத்தாள். “கடி வாங்கினது என் கை. அதைப்பத்தி நான்தான் சொல்லணும். இதுல போடமாட்டேன்.”

நான் வாயைத் திறக்குமுன் அக்கா முந்திக்கொண்டார். “நானும் அன்னைக்குக் கையைப் புடிச்சவதான் ஐயா. அவ சொன்னது எல்லாம் உண்மை.”

டாக்டர் எழுந்து உள்ளே போனார். அம்மாயியின் புண்ணைப் பார்த்துவிட்டு வந்தார். கையைக் கழுவிக்கொண்டே, “இந்த மாதிரி புண் இருந்தா நான்கூடக் கடிப்பேன்” என்றார் தமிழில். கடிதத்தை எடுத்து ஐயாவிடமே கொடுத்தார். புண்ணுக்கு மருந்து எழுதினார். தினமும் கட்டு மாற்றச் சொன்னார். வேன் பேச்சு அதோடு நின்றது.

வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்புகிறவர்களுக்குக் காட்ட, சான்றிதழ் கொடுக்கிற படம் எடுத்தார்கள். ஆறு பேரும் சிரித்தபடி நின்றார்கள். படம் எடுத்து முடிந்ததும் ஐயா என் தோளில் கைபோட்டு ஓரமாகக் கூட்டிப்போனார். “உங்களைக் கூப்பிட்டது பயிற்சிக்குத் தம்பி. சங்கம் அமைக்க இல்ல.”

அடுத்த திங்கட்கிழமை ஐயா கடிபட்டவளை முதியோர் பக்கத்திலிருந்து எடுத்து அடுப்படிக்குப் போட்டார். ஆள் பற்றாக்குறை என்று காரணம் சொன்னார். ஹட்டனிலிருந்து அவரைக் கூப்பிட்டுக் கோபமாகப் பேசினேன், அவர் போனை வைத்துவிட்டார். என் அலுவலகத்தில் சொன்னேன். உள் நிர்வாகத்தில் நாம் தலையிட முடியாது என்றார்கள். மேசையைக் குத்தினேன். மேசையைக் குத்தி யாருக்கு என்ன?

பிறகுதான் அவளைக் கூப்பிட்டேன். என்னால்தான் இப்படி ஆனது என்று என்னென்னவோ சொல்லிக்கொண்டே போனேன். அவள் இடைமறித்தாள்.

“விடுங்க சார். இங்க குளிராம இருக்கு, நல்லாத்தான் இருக்கு. அம்மாயிதான் இன்னைக்கும் என்னையத்தான் கேட்டுச்சாம். வேற ஆளுக்கு முதுகைக் காட்டமாட்டேன்னு ஒரே புடி.”

“ஐயா விடமாட்டாரே.”

“இப்ப ஆம்பளை வாளி தூக்குறதில்லைல்ல சார்? சுடுதண்ணி தூக்கிட்டுப் போறது இனிமே அடுப்படி ஆளு வேலைன்னு ஐயாவே சொல்லிட்டாரு.” பின்னால் யாரோ பாத்திரத்தைப் போட்டு உடைக்கிற சத்தத்தில் சொன்னது பாதி அடிபட்டது. திரும்பவும் சொன்னாள். “தூக்கிட்டுப் போனா, திரும்பி வர நேரம் ஆகும்ல.”